நீலப் பட்டைக்குள் இருப்பது யார்?

கிளினிக் முகப்பில் இருக்கும் பணியாளர் கணினியில் ஒரு பெயரைத் தேடுகிறார். திரையில் ஓர் அட்டவணை விரிகிறது. இருபது, முப்பது பெயர்கள். அவற்றுள் ஒன்றின் மீது கிளிக் செய்கிறார். அந்த வரிசை மட்டும் நீலமாகிறது. அதன் பிறகுதான் மருந்து, கட்டணம், அடுத்த சந்திப்பு நாள் எல்லாம். பந்திங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என்று எந்த ஊர் முகப்பில் நின்றாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். செம்பனை ஆலையின் எடை மேடையில் லோரி எண்ணைத் தேடும் கிராணியும், இரும்புக்கடையில் கடன் கணக்கைத் திறக்கும் முதலாளியும், டியூஷன் மையத்தில் மாதக் கட்டணம் வாங்கும் அக்காவும் நாள்தோறும் பலமுறை செய்யும் வேலை இது.

அந்த நீலப் பட்டையை அலங்காரம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அது மென்பொருள் நமக்குச் சொல்லும் ஒரு பதில். "அடுத்து நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அது இந்த ஒருவரைத்தான் பாதிக்கும்" என்பதை அது சொல் இல்லாமல் நிறத்தால் சொல்கிறது. இந்தப் பதில் மங்கலாக இருந்தாலும் தவறாக இருந்தாலும், விளைவு திரையோடு நிற்பதில்லை. யாரோ ஒருவரின் மருந்துச்சீட்டில், யாரோ ஒருவரின் கடன் கணக்கில் போய் முடிகிறது.

கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் மென்பொருள் படிக்கும் மாணவர்கள் இறுதியாண்டில் ஒரு செயல்திட்டம் செய்வார்கள். கோயில் நன்கொடைக் கணக்கு, தமிழ்ப்பள்ளி நூலகம், கிளினிக் பதிவேடு, பட்டறை உதிரிப்பாகக் கிடங்கு என்று தலைப்புகள் மாறும். ஆனால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஓர் அட்டவணை இருக்கும். பல மாணவர்கள் அதில் முதலில் கைவைப்பது, தேர்ந்தெடுத்த வரிசையின் நிறத்தில்தான். "இயல்பான நீலம் பழைய பாணி, சார்" என்பார்கள். மஞ்சள், இளஞ்சிவப்பு, மங்கிய சாம்பல் என்று பூசிப் பார்ப்பார்கள். பூசக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பட்டைக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளாமல் அதன் நிறத்தை மாற்றுவது, சாலை விளக்கின் சிவப்பு கண்ணுக்கு உறுத்துகிறதென்று வேறு கண்ணாடி மாட்டுவதைப் போன்றது.

நம் நாட்டில் இதில் கூடுதல் கவனம் தேவை. காரணம், நம் பெயர்கள். ஒரு பட்டியலை அகர வரிசைப்படி அடுக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். 'சுப்ரமணியம் ஏ/எல் முனியாண்டி', அதன் கீழே 'சுப்ரமணியம் ஏ/எல் முனுசாமி', அதற்கும் கீழே 'சுப்ரமணியம் ஏ/எல் முத்துசாமி'. பெயருக்கான கட்டத்தின் அகலம் சற்றுக் குறைவாக இருந்தால், மூன்றுமே 'சுப்ரமணியம் ஏ/எல் மு...' என்று ஒரே மாதிரி நிற்கும். 'பின்', 'பிந்தி' சேர்ந்த மலாய்ப் பெயர்களுக்கும் இதே நிலைதான். அடையாள அட்டை எண் கைகொடுக்கும் என்று நினைக்கலாம். அதன் 12 இலக்கங்களில் முதல் 6 பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலத்தின் குறியீடு. சிலாங்கூரில் ஒரே நாளில் பிறந்த இருவருக்கு முதல் 8 இலக்கங்கள் அப்படியே ஒன்றாக இருக்கக்கூடும். ஆளைப் பிரித்துக் காட்டுவது கடைசி 4 இலக்கங்கள். கட்டம் குறுகினால் முதலில் மறைந்துபோவதும் அவைதாம்!

இது வெறும் கற்பனைப் பயமா? 2005-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோஸ் கோப்பல் என்ற சமூகவியலாளரும் அவர் குழுவினரும், ஒரு பெரிய மருத்துவமனையில் மருத்துவர்கள் கணினி வழியாக மருந்து எழுதும் முறையை ஆராய்ந்து, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார்கள். பிழையைக் குறைப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட அந்த மென்பொருளே, மருந்துப் பிழைக்கு இடம் கொடுக்கும் 22 வகைச் சூழல்களை உருவாக்கியிருந்தது. அவற்றுள் ஒன்று, தவறான நோயாளியைத் தேர்ந்தெடுத்துவிடுவது. பெயர்கள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருந்தன. எழுத்து சிறியதாக இருந்தது. நோயாளியின் பெயர் எல்லாத் திரைகளிலும் காட்டப்படவில்லை. இவ்வளவுதான் காரணம். மருத்துவருக்கு அறிவு குறைவு என்றோ கணினி பழுதானது என்றோ அதில் இல்லை. ஒரு வரிசைக்கும் அதன் பக்கத்து வரிசைக்கும் இடையே கண் தடுமாறியது, அதைத் தடுத்து நிறுத்தத் திரையில் எதுவும் இல்லை.

தொடக்கக் காலக் கணினிகளில் இந்தச் சிக்கலின் ஒரு பாதி இருக்கவில்லை. 1979-இல் வந்த விசிகால்க் என்ற முதல் கணக்குத்தாள் மென்பொருள், நாம் நிற்கும் கட்டத்தைக் காட்ட எழுத்தையும் பின்னணியையும் அப்படியே தலைகீழாக்கியது. இருட்டில் வெளிச்ச எழுத்து என்பது வெளிச்சத்தில் இருட்டு எழுத்தாக மாறியது. 1984-இல் வந்த மெக்கின்டோஷும் தேர்ந்தெடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளை மாற்றித்தான் காட்டியது. இரண்டே நிறம் என்பதால் தவறு செய்யவே வழியில்லை. பின்னணி மாறினால் எழுத்தும் கூடவே மாறியாக வேண்டும். விண்டோஸ் 95 கருநீலப் பட்டையும் வெள்ளை எழுத்தும் தந்தபோதும் அந்தப் பழைய ஒழுக்கம் காப்பாற்றப்பட்டது. இன்று கோடிக்கணக்கான நிறங்கள் கையில் இருக்கின்றன. சிக்கலும் கூடவே வந்துவிட்டது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை ஒரு விகிதமாக அளக்கலாம். வெள்ளையில் கறுப்பு என்றால் 21-க்கு 1, அதுதான் உச்சம். இரண்டும் ஒரே நிறம் என்றால் 1-க்கு 1. இணையத் தரங்களை வகுக்கும் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008-இல் வெளியிட்ட அணுகல் நெறிமுறை, சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5 வேண்டும் என்கிறது. இணையத்திற்கு எழுதிய விதிதான். ஆனால் கண் எல்லாத் திரைக்கும் ஒன்றே. விண்டோஸ் 95-இன் கருநீலத்தில் வெள்ளை எழுத்து ஏறத்தாழ 16. விண்டோஸ் 10-இன் பழக்கமான நீலத்தில் வெள்ளை எழுத்து ஏறத்தாழ 4.5, அதாவது தேர்ச்சி எல்லையிலேயே நிற்கிறது. இப்போது ஒரு மாணவர் சி ஷார்ப்பில் டேட்டாகிரிட்வியூ அட்டவணையை எடுத்து, தேர்வுப் பின்னணிக்கான செலக்‌ஷன்பேக்கலரை மட்டும் மஞ்சளாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுத்துக்கான செலக்‌ஷன்ஃபோர்கலரைத் தொடவில்லை, ஆகவே எழுத்து வெள்ளையாகவே இருக்கிறது. விகிதம் 1.07. தேர்ந்தெடுத்த அந்த நொடியில், படிக்க வேண்டிய அந்த ஒரே பெயர் மறைந்துவிடுகிறது.

இதைவிட நுட்பமானது சிவப்பு எண். கடன் பாக்கியைச் சிவப்பில் காட்டுவது நம் எல்லாருக்கும் பிடித்த பழக்கம். வெள்ளைத் தாளில் அது பளிச்சென்று தெரியும். வரிசையைத் தேர்ந்தெடுத்ததும் பின்னணி நீலமாகிறது. எண் சிவப்பாகவே நின்றால், நீலத்தில் சிவப்பின் விகிதம் ஏறத்தாழ 1.1. முதலாளி எந்தத் தொகையைப் பார்ப்பதற்காக அந்த வரிசையைத் தட்டினாரோ, அந்தத் தொகைதான் கண்ணுக்குத் தப்புகிறது.

ஜாவா பயில்கிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஜேடேபிளில் ஒரு கட்டத்தை நாமே வரைய ரெண்டரர் எழுதுவோம். ஜாவா அந்த ரெண்டரரிடம், 'இந்தக் கட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டதா?', 'விசைப்பலகையின் கவனம் இதன்மேல் உள்ளதா?' என்று இரண்டு தகவல்களைத் தனித்தனியாகக் கொடுக்கும். கடனாளிக்குச் சிவப்புப் பின்னணி, கட்டியவருக்குப் பச்சை என்று நிரல் எழுதும் ஆர்வத்தில் அந்த இரண்டு தகவல்களையும் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். விளைவு, வரிசை முழுதும் நீலமாக, ஒரு கட்டம் மட்டும் ஓட்டை விழுந்ததைப் போல் வேறு நிறத்தில் நிற்கும். எல்லாக் கட்டத்திற்கும் சொந்த ரெண்டரர் என்றால் தேர்வே தெரியாது.

தேர்வும் கவனமும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். (தேர்வு என்றவுடன் எஸ்பிஎம் ஞாபகம் வந்தவர்கள் மன்னிக்கவும்.) அட்டவணையில் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகு, பக்கத்துப் பெட்டியில் தொகையைத் தட்டச்சு செய்யப் போகிறீர்கள். இப்போது விசைப்பலகை அட்டவணையைவிட்டு வெளியேறிவிட்டது. ஆனால் தேர்ந்தெடுத்தவர் இன்னும் அவரேதான். மெக் கணினியில் அப்போது நீலப் பட்டை சாம்பலாக மாறும். 'இவர்தான், ஆனால் நீங்கள் தட்டுவது இங்கே விழாது' என்று பொருள். ஜாவா எஃப்எக்ஸும் கியூட்டியும் இந்த இரு நிலைக்கும் தனித்தனி நிறம் வைத்துக்கொள்ள வழி தந்திருக்கின்றன. பழைய விண்டோஸ் பட்டியல்களிலோ, தேர்வை எப்போதும் காட்டு என்று நாம் தனியாகச் சொல்லாவிட்டால், கவனம் வெளியேறியதும் பட்டையே மறைந்துவிடும். தொகையைத் தட்டும்போது யாருக்காகத் தட்டுகிறோம் என்பது திரையில் எங்கும் இருக்காது. கிராணி நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான். வரிசையில் ஏழு லோரிகள் நிற்கும்போது நினைவை நம்பச் சொல்வது அநியாயம்.

நிறம் மட்டுமே போதும் என்று இருப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. ஆசியர்களிடம் விழுக்காடு இதைவிடக் குறைவு என்றாலும், ஒரு வகுப்பில் ஒருவராவது இருக்க வாய்ப்புண்டு. வெயில் விழும் எடை மேடை அலுவலகத்தில், பத்து ஆண்டு பழைய திரையில், அறுபது வயதுக் கண்ணுக்கு இளநீலமும் வெள்ளையும் ஒன்றுதான். இன்று நாகரிகமாகிவிட்ட அந்த மிக இளநீலப் பட்டை (204, 232, 255 என்று எண் கொடுத்தால் வருவது) தன் மேலுள்ள கறுப்பு எழுத்துக்கு நன்றாகவே இடம் தருகிறது. ஆனால் பக்கத்து வெள்ளை வரிசையிலிருந்து அது வேறுபடுவது 1.27 மட்டுமே. பெயரைப் படிக்கலாம், எது தேர்ந்தெடுத்தது என்றுதான் தெரியாது. இடப்பக்கம் ஓர் அடர்ந்த கோடு, அல்லது தடித்த எழுத்து, அல்லது ஒரு சிறு முக்கோணக் குறி, இவற்றில் ஏதேனும் ஒன்றைச் சேர்த்தால் போதும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் திரையைச் சாம்பல் நிறமாக்கும் வடிகட்டி உண்டு. அதை இயக்கிவிட்டு உங்கள் அட்டவணையைப் பாருங்கள். எந்த வரிசை என்று நண்பர் உடனே விரல் வைத்துக் காட்டினால் சரி.

பட்டை தெளிவாக இருந்தும் பொய் சொல்லும் நேரங்கள் உண்டு. இதுதான் எனக்குப் பெரிய கவலை. ஜாவா 6 வந்ததிலிருந்து ஜேடேபிளில் தலைப்பைத் தட்டினால் பட்டியலை மாற்றி அடுக்கலாம். திரையில் மூன்றாவதாகத் தெரிபவர், உள்ளே இருக்கும் தரவில் பதினேழாவதாக இருக்கலாம். அந்த எண்ணை மாற்றிக் கொடுக்கும் செயற்கூறு ஜாவாவிலேயே உண்டு. அதை அழைக்க மறந்தால், திரையில் முனுசாமியின் மகன் நீலமாக இருக்க, நீக்கப்படுவது வேறு யாரோ. படைத்துக் காட்டும் நாளில் பட்டியல் அடுக்கப்படாமல் இருக்கும், எல்லாம் சரியாக ஓடும், மதிப்பெண்ணும் கிடைத்துவிடும்.

டேட்டாகிரிட்வியூவில் வேறொரு விதம். தரவை மறுபடி ஏற்றியதும், யாரும் தொடாமலேயே முதல் வரிசை தேர்ந்தெடுக்கப்பட்டு நிற்கும். சில மாணவர்கள் இது அசிங்கமாக இருக்கிறதென்று தேர்வு நிறத்தைச் சாதாரண நிறத்தோடு ஒன்றாக்கி மறைத்துவிடுகிறார்கள். தேர்வு போகவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். 'நீக்கு' பொத்தானை அழுத்தினால் பட்டியலின் முதல் ஆள் போய்விடுவார். தேர்வை உண்மையாகவே அகற்ற 'கிளியர்செலக்‌ஷன்' என்ற ஒரு வரி இருக்கிறது. எவரும் தேர்ந்தெடுக்கப்படாதபோது நீக்கு பொத்தானை முடக்கிவைக்க இன்னொரு வரி. உறுதி கேட்கும் பெட்டியிலும் 'நீக்கவா?' என்று மட்டும் கேட்காமல், முழுப் பெயரையும் அடையாள அட்டையின் கடைசி 4 எண்களையும் போட்டுக் கேளுங்கள்.

"மேசைக் கணினி மென்பொருளின் காலம் முடிந்துவிட்டது, எல்லாம் கைப்பேசியில்தானே?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பந்திங்கிலிருந்து தெலுக் டத்தோ, ஜென்ஜாரோம் வரை ஒரு சுற்று சுற்றி, கடை முகப்புகளை எட்டிப் பார்த்துவிட்டு அவர்கள் வரட்டும். நம் ஊர் பாலிடெக்னிக்கில் விமானப் பராமரிப்பு படிக்கிறார்கள். ஓர் இலக்கம் மட்டும் வேறுபடும் உதிரிப்பாக எண்களின் பட்டியல் அவர்களுக்கு அன்றாடம். அந்தப் பட்டியலைக் கைப்பேசியில் வைத்தாலும் பட்டையின் பொறுப்பு குறையப்போவதில்லை, விரல் மறைப்பதால் கூடவே செய்யும்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செயல்திட்ட மதிப்பீட்டில் 'கவர்ச்சியான இடைமுகம்' என்று ஒரு வரி இருக்கும் இடங்களில், பக்கத்தில் இன்னொரு வரியும் சேர்க்கலாம்: விசைப்பலகையை மட்டும் வைத்து, பட்டியலை மாற்றி அடுக்கிய பிறகு, சரியான ஆளைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா? இரண்டு நிமிடச் சோதனை இது. மாணவர்களுக்கு என் ஆலோசனையும் எளியதுதான். மாற்றத் தகுந்த காரணம் இல்லையென்றால், கணினியில் ஏற்கெனவே அமைக்கப்பட்டுள்ள நிறத்தையே பயன்படுத்துங்கள். பார்வைக் குறைவுள்ளவர் தமக்கு ஏற்ற உயர் வேறுபாட்டு நிறங்களை விண்டோஸில் அமைத்திருப்பார். நீங்கள் எண் கொடுத்துப் பூசும் நிறம் அவர் அமைப்பைத் தள்ளிவிட்டு மேலே ஏறிக்கொள்ளும்.

தமிழில் அட்டவணை செய்பவர்களுக்குக் கடைசியாக ஒன்று. ஜேடேபிளில் ஒரு வரிசையின் இயல்பான உயரம் 16 பிக்சல். ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து அமைத்தது. நம் எழுத்துக்கு மேலே புள்ளியும் கொம்பும் வேண்டும், கீழே 'ழு', 'கூ' போன்றவற்றின் வால் வேண்டும். எழுத்தின் அளவைச் சற்றுக் கூட்டினாலே மேலும் கீழும் வெட்டுப்படும். வெள்ளைப் பின்னணியில் இது அவ்வளவாகத் தெரிவதில்லை. வரிசை நீலமானதும் பட்டையின் விளிம்பில் வெட்டு கத்தியால் சீவியதுபோல் தெரியும். 'செல்வம்' என்ற பெயரின் புள்ளிகள் போனால் 'செலவம' என்றாகும். கணக்கு மென்பொருளில் அது கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருக்கும். 1980-களிலேயே தமிழைக் கணினித் திரைக்குக் கொண்டுவந்த முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். அவருடைய எழுத்துருக்கள் இன்று உலகெங்கும் ஆப்பிள் கணினிகளில் இருக்கின்றன. எழுத்து சரியாகவே வந்து சேர்கிறது. அதற்கு நிற்க இடம் கொடுக்க, வரிசை உயரத்தை 16-லிருந்து 28 ஆக்கும் ஒரே ஒரு வரி நிரல்தான் நம் பங்கு.